ஊதாத திருநீறு

ஐப்பசி 5, புதன்

முருகா, நீயே துணை.

இன்று சஷ்டி விரதம் தொடங்கினேன். பகலில் பாலும் பழமும், ராத்திரிக்கு ஒன்றும் கிடையாது. கோயில் மண்டபத்தில் காலையும் மாலையும் பாராயணம். இந்த வருஷம் பெண்கள் கூட்டம் அதிகம். மழைச்சாரல் என்று ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டார்கள். பக்கத்தில் இருப்பவர் மூச்சு நம் தோளில் படுகிற நெருக்கம். என் இடப்பக்கம் தையல்கடை பிச்சம்மாள் அக்கா. இருமிக்கொண்டே பாடினாள். “வயிறு காஞ்சிருக்குல்லா, அதான்” என்றாள்.

இந்தத் தடவை விரதம் நேர்ச்சைக்கு இல்லை, நன்றிக்கு. கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து என் மகன் குமரேசனுக்குப் பெண் குழந்தை. மயூரி என்று பெயர். மருமகள் பொன்செல்வி பிரசவத்துக்குப் போனவள் இன்னும் புளியங்குடியில் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஒரு தரம், பெயர் வைத்த அன்று ஒரு தரம் பார்த்தேன். வருகிற செவ்வாய், திருக்கல்யாணத்தன்று, தென்காசிக்கு நம் வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள்.

பால் கூடுதலாகச் சொல்லியாயிற்று. மளிகை பாக்கி தீர்த்தேன்.

ஐப்பசி 8, சனி

தொண்டை கரகரப்பு. சத்தமாகப் பாடியதுதான். கேஸ் வந்தது. தொட்டில் கட்ட என் பழைய கூறைச்சேலையைத் துவைத்துப் போட்டேன். மழையில் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் விரித்திருக்கிறேன்.

ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம் பார்த்துவிட்டு நனைந்து வந்தேன். உடம்பு அசதி. மூக்கு கொஞ்சம் ஒழுகுகிறது. ஈரத்தலையோடு நின்றால் அப்படித்தான்.

பொன்செல்வி போன் பண்ணினாள்.

“அத்த, நாளைக்குக் காலைல கார் சொல்லியாச்சு. அங்க யாருக்கும் சளி, இருமல் இல்லல்லா? இருந்தா சொல்லிருங்க. ரெண்டு வாரம் கழிச்சு வாறோம், தப்பில்ல. இத்தனை சின்னதுக்குச் சளி பிடிச்சா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிருக்காங்க.”

“ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லம்மா. நீ வா.”

“உங்க குரல் ஒரு மாதிரி இருக்கே.”

“ஆறு நாளா தொண்டை கிழியப் பாடுதேன். பின்ன குயில் மாதிரியா இருக்கும்?”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகுதான் தும்மல் வந்தது. நல்லவேளை.

ஐப்பசி 11, செவ்வாய்

வந்துவிட்டாள் என் ராசாத்தி.

ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்தேன். கூடவே பொன்செல்வியின் அம்மா ஆவுடையம்மாளும் வந்திருக்கிறாள். பத்துநாள் இருந்து பிள்ளையைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளும் நானும் ஒருவரை ஒருவர் சம்பந்தி என்று கூப்பிட்டதே இல்லை. நிச்சயம் பண்ணிய நாளிலிருந்து, சொந்த அண்ணியைக் கூப்பிடுவது போல, அவளுக்கு நான் மைனி, எனக்கு அவள் மைனி. சமையற்கட்டில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தால் மற்றவர்களுக்குப் பேச இடம் இருக்காது.

பிள்ளையை மடியில் வாங்கினேன். விரதம் முழுக்கக் கலசத்தின் முன்னால் இருந்த திருநீறு. மூன்று விரலால் நெற்றியில் இட்டு முகத்தில் ஊதினேன். எங்கள் வீட்டில் வழிவழியாக அப்படித்தான். இட்ட கை மட்டும் போதாது, ஊதுகிற மூச்சிலும் காப்பு உண்டு என்பார்கள். முருகா, முருகா, முருகா என்று மூன்று தரம். பிள்ளை கண்ணைச் சுருக்கி வாயைத் திறந்தது. அந்தக் கன்னத்தில் முத்தம் கொடுக்காமல் யாரால் இருக்க முடியும்.

சாயங்காலம் ஆவுடையம்மாள் சுக்கும் மிளகும் தட்டிப்போட்டுக் கருப்பட்டிக் கஷாயம் வைத்து எனக்கு மட்டும் கொண்டு வந்தாள்.

“குடிங்க மைனி. மூக்கு செவந்து கெடக்கு.”

“பாடினது.”

“பாடினா மூக்குமா செவக்கும்?” என்று சிரித்துவிட்டு மெல்லச் சொன்னாள்: “ரெண்டு நாளைக்குப் பிள்ளைய எடுக்கையில முந்தானைய மூக்கோட சுத்திக்கிடுங்களேன். இல்லன்னா நான் தூக்கிக் காட்டுதேன், நீங்க தள்ளி இருந்து பாருங்க.”

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. “ஏழு வருஷம் காத்துக் கெடந்தவ நான். என் பேத்தியப் பாக்க மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கவா?” என்றேன்.

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கஷாயம் நன்றாகத்தான் இருந்தது.

ஐப்பசி 12, புதன்

ஆவுடையம்மாள் பிள்ளையைக் காலில் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். வெளியே அடைமழை. “இன்னைக்கு வேண்டாமே மைனி” என்றேன். “வெந்நிதான மைனி” என்றாள். பிள்ளை அவள் காலிலேயே தூங்கிவிட்டது.

ஐப்பசி 14, வெள்ளி

இவருக்குத் தும்மல். என் வீட்டுக்காரர் நெல்லையப்பன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், கோயிலுக்கு வாசல் வரைதான் வருவார். “விரதம் இருந்தது நீ. பிரசாதம் எனக்கும் கெடச்சுட்டு” என்று துண்டால் மூக்கைச் சிந்தினார். பொன்செல்வி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பிள்ளையை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள்.

எனக்கு இப்போது தேவலை.

ஐப்பசி 16, ஞாயிறு

பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. பால் குடிக்கும்போது பாதியில் விட்டுவிட்டு மூச்சு வாங்குகிறது. தலைக்கு ஊற்றியதில் நீர் கோத்துக்கொண்டது. அன்றைக்கே சொன்னேன். குமரேசனிடமும் சொன்னேன்.

ஐப்பசி 18, செவ்வாய்

காலையில் பொன்செல்வி பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “அம்மா, இங்க பாரேன்” என்று கூப்பிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை. மூச்சு இழுக்கும் ஒவ்வொரு தரமும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. மூக்கு இறக்கை விரிந்து விரிந்து அடங்கியது. அழக்கூடச் சத்தம் இல்லை. ராத்திரியிலிருந்து பாலும் சரியாகக் குடிக்கவில்லை.

ஆட்டோவில் ஏறினோம். மழை. நான் திருநீற்றுப் பையை மடியில் கட்டியிருந்தேன். அவிழ்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே வாங்கிக்கொண்டார்கள். மூக்கில் சின்னக் குழாய் வைத்து ஆக்சிஜன். குழந்தைகள் டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“வீட்டுல யாருக்காவது சளி, இருமல் இருந்துதா?”

இவரை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். பொன்செல்வி, “மாமாவுக்கு இருக்கு, நாலு நாளா. அவுங்க பிள்ளைய எடுக்கவே இல்ல” என்றாள்.

“அதுக்கு முன்னாடி?”

டாக்டரம்மா என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கேட்டாள். ஆவுடையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் ஆஸ்பத்திரிச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

“தலைக்கு ஊத்தினோம், மழை நாளு” என்று நான்தான் சொன்னேன்.

முருகா, இந்தப் பிள்ளையைக் காப்பாற்று. வெள்ளி வேல் சாத்துகிறேன்.

ஐப்பசி 19, புதன்

டாக்டரம்மா இன்று விவரமாகச் சொன்னாள். ஆர்.எஸ்.வி. என்று ஒரு வைரஸாம். மழைக்காலத்தில் ஊர் முழுக்கச் சுற்றுவது. பெரியவர்களுக்கு வெறும் ஜலதோஷம், இரண்டு நாள் தும்மிவிட்டு மறந்துவிடுவோம். பச்சைப்பிள்ளையின் மூச்சுக்குழல் நூல் மாதிரி. அதில் வீக்கமும் சளியும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும்.

குமரேசன், “பெரிய ஊசி ஏதும் போட்டா சீக்கிரம் தேறாதா டாக்டர்? ஆன்டிபயாடிக் மாதிரி?” என்றான்.

“வைரஸுக்கு அது வேலை செய்யாதுப்பா. இதுக்குன்னு தனி மருந்து இல்ல. மூச்சுக்குத் துணை குடுத்து, உடம்புல நீர் வத்தாமப் பாத்துக்கிட்டா பிள்ளையே மீண்டு வந்துடும். இன்னும் ரெண்டு நாள் கூடத்தான் செய்யும், அப்புறம் இறங்கும்.”

“மழைல குளிப்பாட்டினதுல வந்தது, இல்லையா?”

“குளிச்சதுல வராதுப்பா. ஆள்கிட்ட இருந்துதான் ஆளுக்கு வரும். தும்மல், இருமல், முத்தம், கழுவாத கை. பக்கத்துல விடுற மூச்சே போதும்.”

டாக்டரம்மா போனதும் குமரேசன் வராந்தாவில் ஆவுடையம்மாள் பக்கம் திரும்பினான். என் மகன் பொதுவாக அதட்டிப் பேசாதவன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது.

“உங்க வீட்டுலதான் உங்க மகன் பிள்ளைக ரெண்டும் எப்பவும் மூக்க ஒழுக விட்டுக்கிட்டுத் திரியுதே. அதுகளோட இருந்துட்டு நேரா வந்து பிள்ளையத் தூக்கினீங்க. ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?”

ஆவுடையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது, கை கழுவும் படம். நான் அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

“நான் ஊருக்குப் போறேன் மாப்பிள்ள. பிள்ளைக்குச் சொகமானா ஒரு போன் பண்ணுங்க” என்றாள் அவள்.

பொன்செல்வி உள்ளே பிள்ளையோடு இருந்தாள். அவளிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. எந்த வீட்டை விட்டுக் கிளம்பினாலும் “வாறேன் மைனி” என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போகிறவள், சேலைத்தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். குடை என் கையில் இருந்தது.

ஐப்பசி 20, வியாழன்

இன்று அதிகம். ஆக்சிஜன் அளவைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். எழுத ஒன்றும் இல்லை.

ஐப்பசி 21, வெள்ளி

அதே நிலை. கண்ணாடி வழியாகப் பார்க்கிறேன். ஒரு நேரத்துக்கு ஒருவரைத்தான் உள்ளே விடுகிறார்கள், அது பொன்செல்வி.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அப்புறம் எனக்கு எழுத்து வந்தது மளிகை மடித்த காகிதங்களைப் படித்துப் படித்துத்தான். எங்கே எழுத்து கண்டாலும் முழுக்கப் படித்து முடிக்காமல் கண் நகராது. வராந்தாச் சுவரில் அந்தப் படத்தை இந்த மூன்று நாளில் எத்தனை தரம் படித்தேன் என்று தெரியாது. சளி உள்ளவர்கள் கைக்குழந்தையிடமிருந்து விலகி இருங்கள். முகத்தில் முத்தமிட வேண்டாம். தூக்கும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கூட்டத்துக்குக் குழந்தையைக் கொண்டு செல்ல வேண்டாம். நெருங்கித்தான் ஆக வேண்டுமென்றால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள்.

முந்தானையைச் சுற்றிக்கொள்ளுங்கள் மைனி என்று படம் ஒட்டாமலே ஒருத்தி சொன்னாள்.

ஊதக்கூடாது என்று அதில் எழுதவில்லை. அதை எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

ஐப்பசி 23, ஞாயிறு

முருகா. மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பால் குடித்தாளாம். பொன்செல்வி வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, இத்தனை நாளும் அழாததை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் தோளைத் தொட்டேன். “அம்மா எங்க அத்த? ஏன் ஊருக்குப் போனா? போன் எடுத்தா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கா” என்றாள்.

“அங்க வேலை இருக்காம்” என்றேன்.

ஐப்பசி 25, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டோம். டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள்: இருமல் இன்னும் கொஞ்ச நாள் இருக்கும், பயப்பட வேண்டாம். மூச்சு வேகமானாலோ, நெஞ்சில் குழி விழுந்தாலோ, பால் குடிக்காவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ யோசிக்காமல் ஓடி வரணும். தாய்ப்பால் நிறுத்தக்கூடாது. ஒரு தரம் வந்தது திரும்ப வராது என்று நினைக்கவும் கூடாது.

ஆஸ்பத்திரிச் செலவைக் குமரேசன் என்னிடம் கொடுத்து எழுதி வைக்கச் சொன்னான். எழுதி வைத்தேன்.

பிள்ளையை எடுக்கவில்லை. “எடுங்க அத்த, கையக் கழுவிட்டு” என்றாள் பொன்செல்வி. “அடுப்புல வேலை கெடக்கு” என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஐப்பசி 28, வெள்ளி

பூஜை அறையில் முருகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவனிடம் சொல்வது சுலபம். அவன் முகம் மாறுவதில்லை.

கார்த்திகை 1, திங்கள்

மாசப் பிறப்பு என்று கோயிலுக்குப் போனேன். பிச்சம்மாள் அக்கா இன்னும் இருமுகிறாள். “விரதத்துல இருந்தே இந்த எழவு விடல வடிவு. என் பக்கத்துல இருந்ததுக எல்லாத்துக்கும் வந்துருக்கு. ஒனக்கு வரலியே, நீ குடுத்து வச்சவ” என்றாள்.

நான் தட்டோடு திரும்பி வந்துவிட்டேன். அர்ச்சனை பண்ணவில்லை.

பொன்செல்வி தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வாசற்படியிலேயே நின்று சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

“பொன்செல்வி, எனக்குச் சளி இருந்துச்சும்மா. நீ போன் பண்ணுனப்பவே இருந்துச்சு. இல்லன்னு சொன்னேன்.”

தொட்டில் கயிற்றை அவள் விடவில்லை.

“தெரியும் அத்த. மாமா தும்முனப்பவே நெனைச்சேன். மாமா ஒரு எடத்துக்கும் போகல, அவுங்களுக்கு எங்க இருந்து வரும்.”

“நீ கேக்கவே இல்லையே.”

“ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டப்போ நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்தேன். அப்புறம் பிள்ளைக்குக் கூடிப்போச்சு, யார் குடுத்தா என்னன்னு விட்டுட்டேன்.” தொட்டிலை ஆட்டிக்கொண்டே, “ஆனா எங்க அம்மாவ இவுங்க அப்படிப் பேசுனாங்கன்னு நேத்துதான் எனக்குத் தெரியும். நீங்க பக்கத்துல நின்னீங்களாமே” என்றாள்.

நின்றேன் என்றேன்.

“ரெண்டு வாரம்தான அத்த கேட்டேன்.”

சாயங்காலம் குமரேசனிடமும் சொன்னேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். இவர் மட்டும், “விடு, எனக்குத்தான் முதல்ல தெரியும். பக்கத்துல படுத்திருக்கவன் நான்லா” என்றார். வேடிக்கைக்குச் சொல்லும் குரல்தான், ஆனால் சிரிக்கவில்லை.

கார்த்திகை 4, வியாழன்

புளியங்குடிக்குப் போய் வந்தேன். தனியாகத்தான் போனேன்.

ஆவுடையம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். வாளியை வைத்துவிட்டு, “வாங்க சம்பந்தி” என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. காப்பி போட்டுக் கொடுத்தாள். பிள்ளை எப்படி இருக்கிறாள், பொன்செல்வி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். குமரேசன் இரண்டு நாள் முன்பு போனில் மன்னிப்புக் கேட்டானாம். “பிள்ளையப் பெத்தவன் பதட்டத்துல பேசுனது. அது எனக்கு அன்னைக்கே போயிட்டு” என்றாள்.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

“கஷாயம் வச்சுக் குடுத்தவளுக்கே சொல்லுதீங்களா?”

“பின்ன ஏன் மைனி அன்னைக்கு ஒரு வார்த்தை பேசல? டாக்டரம்மாகிட்டயோ, அவன்கிட்டயோ?”

“என்னன்னு பேச? எம் பொண்ணு உங்க வீட்டுலல்லா வாழணும். மாமியாரால பிள்ளைக்கு வந்துச்சுன்னு நான் நாலு பேரு முன்னால சொன்னா, நான் பஸ் ஏறிருவேன், அவ எங்க போவா?” முந்தானையால் மேசையைத் துடைத்தாள், அங்கே ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. “சளி யாருக்கும் வரும். பாசத்துல தூக்குனீங்க, அதுலயும் எனக்கு வருத்தம் இல்ல. அவரு என் முகத்துக்கு நேரா அப்படிச் சொல்லையில நீங்க செவத்தப் படிச்சுக்கிட்டு நின்னீங்க பாருங்க, அதுதான்.”

அழுதேன். அவளும் கொஞ்சம் அழுதாள். ஆனால் தனித்தனியாக அழுதோம், அவள் அந்த நாற்காலியில், நான் இந்த நாற்காலியில்.

பஸ்ஸுக்கு வந்து வழியனுப்பினாள். பொன்செல்விக்கு என்று முருங்கைக்கீரை கொடுத்தாள்.

கார்த்திகை 12, வெள்ளி

மயூரி சிரிக்கிறாள். நான் கதவருகில் நிற்கும்போதே சிரிக்கிறாள். இப்போதெல்லாம் வெளியில் போய் வந்தால் சேலை மாற்றி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். எதிர்வீட்டுக்காரி பிள்ளையைப் பார்க்க வந்தாள், மூக்கு உறிஞ்சிக்கொண்டே. வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். “என்ன, எங்களத் தீட்டு மாதிரி நிப்பாட்டுதீங்க” என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். போகட்டும். அதே கோபம் எனக்கும் வந்ததுதான்.

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. ஆவுடையம்மாள் மகளுக்குக் கார்த்திகைச் சீர் கொண்டு வந்தாள். பொரி, கருப்பட்டி, பிள்ளைக்கு ஒரு சின்ன வெள்ளிக் காப்பு. குமரேசன் பஸ் ஸ்டாண்டுக்கே போய்க் கூட்டி வந்தான். வந்ததும் அவள் செய்த முதல் வேலை கை கழுவியது. கொலுசு, காப்பு, கீரைவிலை என்று எல்லோரோடும் நன்றாகத்தான் பேசினாள். சமையற்கட்டுக்கு மட்டும் வரவில்லை.

சாயங்காலம் விளக்கு ஏற்றினோம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள்தான் கூப்பிட்டாள்.

“சம்பந்தி, பிள்ளைக்குத் திருநீறு பூசி விடுங்க.”

“நீங்களே பூசுங்க மைனி.”

“பாட்டி நீங்கல்லா பூசணும்.”

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. இருந்தும் கை கழுவி, முந்தானையை மூக்கோடு சுற்றிக்கொண்டேன். ஒற்றை விரலால் நெற்றியில் இட்டேன். முந்தானைக்குள்ளே வாய் தானாகக் குவிந்தது. முகத்தை விளக்குப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிள்ளை மூக்கின் மேல் உதிர்ந்த திருநீறு அப்படியே இருந்தது. பிள்ளை மூக்கைச் சுளித்தது. ஆவுடையம்மாள் துண்டு நுனியால் அதை ஒற்றி எடுத்தாள்.

கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசல் வரை கூடப் போனேன். தெரு முழுக்க அகல் எரிந்தது. என் கையைப் பிடித்தாள்.

“வாறேன்” என்றாள்.

அதற்கு அடுத்த சொல்லுக்காக நின்றேன். குமரேசன் வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டாள். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

எண்ணெய் மிச்சம் இருக்கிறது. நாளைக்கும் ஏற்றலாம்.